நிறுத்துன்னா நின்னுடுமா? மேட்டூர் மதகும் டேட்டாபேஸும்

இன்னிக்குப் பதிவு கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம். பயந்து ஓடிடாதீங்க மக்களே. தஞ்சாவூர்ப் பக்கம் வரப்புல நின்னு வாய்க்கால் தண்ணிக்குக் காத்திருந்தவங்களுக்கு இது சுலபமாப் புரியும். சொல்லப்போனா, ஆபீஸ்ல ஆணி புடுங்குற பல பேரைவிட எங்க ஊர் லஸ்கருக்கு இந்த விஷயம் நல்லாத் தெரியும் :-)

கேள்வி இதுதான். ஒரு வேலையை ஆரம்பிச்சு விட்டாச்சு. அது பல ஊர்ல, பல பேர் கையில ஓடிக்கிட்டிருக்கு. நடுவுல "போதும், நிறுத்து"ன்னு சொல்றோம். நின்னுடுமா?

முதல்ல நம்ம ஊர்க் கதை. மேட்டூர் அணை 1934ல பயன்பாட்டுக்கு வந்தது. அதுலேர்ந்து டெல்டாவுல குறுவை, சம்பா, தாளடி எல்லாமே அங்க ஷட்டர் தூக்குற நாளை வச்சுத்தான். 2021ல ஜூன் 12 மேட்டூரைத் திறந்தாங்க. கல்லணையைத் திறந்தது ஜூன் 16. 2022ல மே 24 மேட்டூர், மே 27 கல்லணை. ஆக, உத்தரவு கொடுத்த நாளுக்கும் தண்ணி கல்லணையைத் தொடுற நாளுக்கும் நடுவுல மூணு நாலு நாள் இருக்கு. கல்லணையில காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு நாலாப் பிரியுது. வெண்ணாறு நீடாமங்கலம் பக்கத்துல மூணாறு தலைப்புல வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மறுபடி மூணாகுது. அப்புறம் கிளை வாய்க்கால், மடை. தலைஞாயிறு மாதிரி கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் பல நாள்.

இப்ப இதையே தலைகீழாப் பாருங்க. இன்னிக்கு மேட்டூர்ல ஷட்டரை இறக்கினா கல்லணையில இன்னிக்கே தண்ணி நிக்காது. ஏற்கெனவே கிளம்பின தண்ணி ஆத்துல வந்துக்கிட்டேதான் இருக்கும். "தண்ணி எப்ப நின்னுச்சு?"ன்னு கேட்டா மேட்டூர்க்காரர் ஒரு பதில் சொல்வார், நீடாமங்கலத்துக்காரர் வேற பதில் சொல்வார். ரெண்டு பேர் சொல்றதும் உண்மை.

பல சர்வர்ல பரவிக் கிடக்கிற டேட்டாபேஸ்ல ஒரு க்வெரியை (வினவல்னு தமிழ்ல சொல்றோம்) நிறுத்துறதும் அப்படியே. இந்த விஷயத்தைக் கணினி உலகம் கத்துக்கிட்ட வரலாறு ஐம்பது வருஷக் கதை. நடுவுல ஒரு தமிழரும் வர்றார்.

நீண்டு ஓடுற க்வெரி எங்கேர்ந்து வந்துச்சு?

அதுக்கு முன்னாடியும் வேலைகள் மணிக்கணக்கா ஓடியிருக்கு. பழைய மெயின்ஃப்ரேம்ல வேலையை அனுப்பும்போதே இவ்வளவு நேரம்தான்னு ஒரு வரம்பு எழுதி அனுப்பலாம். தாண்டினா சிஸ்டமே நிறுத்திடும். இல்லேன்னா ஆபரேட்டர் நிறுத்துவார். ஆனா அப்ப ப்ரோக்ராம் எழுதினவருக்குத் தன் வேலை எந்த வழியாப் போகும்னு தெரியும். எந்தக் கோப்பைத் திறக்கணும், எந்த வரிசையில படிக்கணும்னு அவரே அடியடியா எழுதியிருப்பார்.

1970ல எட்கர் காட் எழுதின கட்டுரை இதை மாத்துச்சு. "என்ன வேணும்னு மட்டும் சொல்லு, எப்படி எடுக்கணும்னு நான் பாத்துக்கறேன்"ங்கிற யோசனை. 1974ல ஐபிஎம்ல சாம்பர்லினும் பாய்ஸும் அதுக்கொரு மொழி கொடுத்தாங்க. அதுதான் இன்னிக்கு எஸ்க்யூஎல். எந்த வழியில போனா செலவு கம்மின்னு மதிப்பிடுற பகுதியைப் பத்தி பட்ரீஷியா செலிங்கரும் கூட்டாளிகளும் 1979ல எழுதினாங்க.

வசதிதான். ஆனா ஒரு விலையும் இருக்கு. ஒரு லட்சம் பட்டாவும் ஒரு லட்சம் சர்வே எண்ணும் ரெண்டு பட்டியலா இருக்குன்னு வைங்க. ரெண்டையும் எதை வச்சுச் சேர்க்கணும்னு ஒரே ஒரு நிபந்தனையை எழுத மறந்துட்டா, ஒவ்வொண்ணையும் ஒவ்வொண்ணோட சேர்த்து 1,000 கோடி வரி வரும். எழுதின க்வெரி என்னவோ ஒரு வரிதான். வெளியிலேர்ந்து பார்த்தா ரெண்டு நொடி க்வெரியும் ரெண்டு நாள் க்வெரியும் ஒரே மாதிரித்தான் இருக்கும். கேட்டவருக்கே தெரியாம மாட்டிக்கிறதுங்கிற நிலைமை இங்கதான் ஆரம்பம். அப்ப நிறுத்துறதுக்கு ஒரு வழி வேணும்ல?

ஒரே மெஷின்ல நிறுத்துறதே லேசில்லை

ஓடுற க்வெரியை யாரும் கழுத்தைப் பிடிச்சு நிறுத்துறதில்லை. "நிறுத்தச் சொல்லியிருக்கு"ன்னு ஒரு கொடியை ஏத்தி வைப்பாங்க. வேலை செய்யிற ப்ராசஸ் அப்பப்ப, பாதுகாப்பான இடத்துல, அந்தக் கொடியைத் திரும்பிப் பார்க்கும். ஏறியிருந்தா தன் கையில உள்ளதை ஒழுங்கா வச்சுட்டு நிக்கும். திரும்பிப் பார்க்காத இடத்துல மாட்டிக்கிட்டா நிக்காது. மைஎஸ்க்யூஎல்ல "கில்" அடிச்ச அப்புறமும் பட்டியல்ல "கில்டு"ன்னு பேர் போட்டுக்கிட்டு அதே க்வெரி ரொம்ப நேரம் உக்காந்திருக்கிறதைச் சொந்தமா தளம் வச்சிருக்கிற பதிவர்கள் சிலராவது பார்த்திருப்பீங்க.

சரி, கழுத்தைப் பிடிச்சா என்ன? போஸ்ட்கிரெஸ்ல பிடிச்சுப் பாருங்க. யூனிக்ஸ்ல "கில் மைனஸ் ஒம்பது" போட்டு ஒரு ப்ராசஸைச் சாகடிச்சா, அது எல்லாருக்கும் பொதுவான நினைவகத்தை அரைகுறையா விட்டுட்டுப் போயிருக்கலாம்னு சந்தேகப்பட்டு, போஸ்ட்கிரெஸ் அத்தனை பேரோட இணைப்பையும் துண்டிச்சு, மீட்பு வேலையை முடிச்சுட்டுத்தான் மறுபடி கதவைத் திறக்கும். ஒரு மடையை அடைக்கப் போயி மொத்த ஆத்தையும் நிறுத்தின கதை.

1998ல வந்த போஸ்ட்கிரெஸ் 6.4 பதிப்புல ஒரு வழி பண்ணினாங்க. நாம இணைஞ்ச உடனே சர்வர் நமக்கு ரெண்டு எண் கொடுக்கும்: ஒண்ணு ப்ராசஸ் எண், இன்னொண்ணு ரகசிய எண். நிறுத்தணும்னா புதுசா ரெண்டாவது இணைப்பு ஒண்ணைத் திறந்து அந்த ரெண்டையும் சொல்லணும். முதல் இணைப்புல இருக்கிற ஆள்தான் வேலையில மும்முரமா இருக்காரே, அங்க கத்தி என்ன பிரயோஜனம்?

இதுல கவனிக்க வேண்டியது, அந்த ரெண்டாவது இணைப்புக்குப் பதிலே வராது. நிறுத்தினோமா, எண் தப்பா, க்வெரி ஏற்கெனவே முடிஞ்சு போச்சா, எதுவும் சொல்ல மாட்டாங்க. தெரியாத ஆள் எண்ணை ஊகிச்சுப் பார்க்கக் கூடாதுங்கிற பாதுகாப்புக்காக. பல வருஷம் இந்த வேண்டுகோள் மறையாக்கம் இல்லாமதான் போச்சு. 2024ல வந்த 17ஆம் பதிப்புலதான் அதை மறைச்சு அனுப்பக் கிளையண்ட் பக்கத்துல வழி வந்தது. ரகசிய எண்ணை நீளமாக்க வழி வந்தது 2025ல, 18ஆம் பதிப்புல. "நிறுத்து"ங்கிற ஒரு சொல்லை ஒழுங்காச் சொல்லக் கத்துக்கவே கால் நூற்றாண்டுக்கு மேல!

பல ஊர் டேட்டாபேஸ்

1970களோட பிற்பாதியில ஒரே டேட்டாபேஸைப் பல ஊர்க் கணினிகள்ல பரப்பிப் பார்த்தாங்க. அமெரிக்காவுல எஸ்டிடி-1, பெர்க்லியில பரவலாக்கப்பட்ட இங்க்ரெஸ், ஐபிஎம்மோட சான் ஹோஸே ஆராய்ச்சிக்கூடத்துல ஆர்-ஸ்டார்.

ஆர்-ஸ்டார்ல ஒவ்வொரு ஊர்க் கணினியும் தன் ஊருக்குத் தானே ராஜா. உங்க க்வெரி ஒரு ஊருக்குப் போகும், அந்த ஊர் இன்னொரு ஊரை வேலைக்குக் கூப்பிடும், அது வேறொண்ணை. ஆறு, கிளையாறு, வாய்க்கால் மாதிரி ஒரு மரமா விரியும். கிளம்பின இடத்துக்குக் கடைசி மடை யாருன்னே நேரா தெரியாது.

இந்தக் குழுவுலதான் சி. மோகன் சேர்ந்தார். தமிழ்நாட்டுல பிறந்தவர். சென்னை ஐஐடியில 1977ல பட்டம், டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல 1981ல முனைவர் பட்டம், அப்புறம் ஐபிஎம். 1997ல ஐபிஎம் ஃபெல்லோ ஆனார். சினிமா பாடலாசிரியர் பேரெல்லாம் மனப்பாடமா வச்சிருக்கிற நம்ம வலையுலகத்துல இவரைப் பத்தி எத்தனை பதிவு வந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அவங்க முன்னாடி இருந்த பிரச்சினை இதுதான். படிக்கிற க்வெரியை நிறுத்தினா வந்த விடையைத் தூக்கிப் போட்டா முடிஞ்சது. எழுதுற வேலையை நடுவுல நிறுத்தினா? தஞ்சாவூர்க் கணக்குல பணத்தைக் கழிச்சாச்சு, கும்பகோணம் கணக்குல இன்னும் ஏத்தலை. நிறுத்துறதுன்னா எல்லா ஊரும் சேர்ந்து "நடக்கவே இல்லை"ங்கிற நிலைக்குத் திரும்பணும். பாதி ஊர் முடிச்சு, பாதி ஊர் கைவிட்டா அவ்வளவுதான்.

இதுக்கு ரெண்டு கட்ட ஒப்புதல்னு ஒரு முறை. ஜிம் கிரே 1978ல அதை விளக்கமா எழுதினார். தலைமைக் கணினி முதல்ல எல்லாரையும் "தயாரா?"ன்னு கேக்கும். எல்லாரும் தயார்னா "முடி", ஒருத்தர் முடியாதுன்னாலும் "கைவிடு". ஒரு சிக்கல்: "தயார்"னு வாயைத் திறந்து சொல்லிட்ட ஊர் அதுக்கப்புறம் தானா நிறுத்த முடியாது. தலைமை செத்துப் போனா, பூட்டையும் கையில வச்சுக்கிட்டுச் சேதி வர்ற வரைக்கும் காத்துக் கிடக்கணும். அந்தப் பூட்டுக்குப் பின்னாடி வேற நூறு பேர் நிப்பாங்க.

மோகனும் புரூஸ் லிண்ட்சேயும் 1983ல சொன்ன, ரான் ஓபர்மார்க்கோட சேர்ந்து 1986ல விரிவா எழுதின வழிக்கு, "கைவிட்டதா அனுமானி"ன்னு பேர் வைக்கலாம். எவ்வளவு எளிமைன்னு பாருங்க. சந்தேகத்துல இருக்கிற ஊர் தலைமைகிட்ட வந்து "அந்த வேலை என்னாச்சு?"ன்னு கேக்குது. தலைமை தன் பதிவேட்டைப் பார்க்குது. அதைப் பத்தி ஒண்ணுமே இல்லையா? அப்ப கைவிட்டாச்சுன்னு பதில் சொல்லிடு. அவ்வளவுதான்!

இதனால நிறுத்துறது மலிவாயிடுச்சு. "கைவிடு"ன்னு முடிவெடுத்ததை உடனே டிஸ்க்ல கட்டாயமா எழுதி வைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊரும் "சேதி கிடைச்சது"ன்னு பதில் போட வேண்டியதில்லை. சேதி வழியில தொலைஞ்சாலும் கேடில்லை. கேக்கும்போது அதே பதில்தான் கிடைக்கும். முடிச்ச வேலைக்குத்தான் சாட்சி வேணும், கைவிட்டதுக்கு மௌனமே சாட்சி. பின்னாடி வந்த தொழில்துறைத் தரங்கள்லயும் இந்த முறையே இடம் பிடிச்சது. எல்லா ஊருக்கும் சேதியைக் கொண்டு சேர்க்க ஓடிக்கிட்டே இருக்கிறதைவிட, சேதி சேராட்டியும் எல்லாரும் ஒரே முடிவுக்கு வர்ற மாதிரி முன்கூட்டியே பேசி வச்சுக்கிறது. இந்த வரலாற்றுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

கிளம்பின தண்ணி எங்க போகும்?

மேட்டூரை மூடினாலும் வழியில இருக்கிற தண்ணியை மறுபடி அணைக்குள்ள ஏத்த முடியாது. டெல்டாவுல மழை கொட்டுற ஐப்பசி கார்த்திகையில, வயலுக்கு வேண்டாத தண்ணியைக் கொள்ளிடத்துல திருப்பி விடறாங்க. அந்த வடிகால் மட்டும் இல்லேன்னா டெல்டா தாங்காது. டேட்டாபேஸ்ல வடிகால் பத்தாது, நிஜமாவே பின்னாடி போகணும். ஆறு மணி நேரம் எழுதினதை நிறுத்தினா, அந்த ஆறு மணி நேர வேலையையும் ஒண்ணொண்ணாத் திருப்பணும். எழுதினதைவிட அழிக்க நேரம் அதிகமாகிற நாளும் உண்டு. பொறுமை இழந்து சர்வரை அணைச்சுப் போட்டா? எழுந்ததும் விட்ட இடத்துலேர்ந்து மறுபடி அழிக்க ஆரம்பிக்கும்.

"விட்ட இடத்துலேர்ந்து"ன்னு நான் லேசாச் சொல்லிட்டேன். அதுக்குப் பின்னாடியும் மோகன் இருக்கார். அவரும் நாலு கூட்டாளிகளும் 1992ல வெளியிட்ட ஏரீஸ் கட்டுரை, திருப்புற ஒவ்வொரு அடியையும்கூடப் பதிவேட்டுல எழுதச் சொல்லுது. அழிக்கும்போது கரண்ட் போனாலும், அழிச்சதையே மறுபடி அழிக்காது. ஐபிஎம்மோட டிபி2, மைக்ரோசாஃப்டோட எஸ்க்யூஎல் சர்வர்னு பல டேட்டாபேஸ்கள் இந்த வழியில வந்தவை. எஸ்க்யூஎல் சர்வர் 2019ஆம் பதிப்புல, பழைய வரிகளைத் தனியா வச்சுக்கிட்டு நீண்ட வேலையையும் சட்டுன்னு கைவிடுற வசதியைச் சேர்த்தாங்க. போஸ்ட்கிரெஸ் ஆரம்பத்துலேர்ந்தே பழைய வரியை அழிக்காம விட்டு வைக்கும், அதனால கைவிடுறது நொடி வேலை. ஆனா குப்பையை அப்புறமாக் கூட்டணும். ஒரு க்வெரி சும்மா படிச்சுக்கிட்டு நாள்கணக்கா ஓடினாலே போதும், அது பார்த்துக்கிட்டிருக்கும்னு பழைய வரிகளைக் கூட்ட முடியாம குப்பை சேரும். படிக்கத்தானே செய்யுது, ஓடட்டுமேன்னு விட முடியாததுக்குக் காரணம் இதுதான்.

திறக்கும்போதே மூடுற தேதி

மேட்டூர்ல ஒரு வழக்கம். ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். எல்லா வருஷமும் அப்படி நடக்கிறதில்லை. 2024ல ஜூலை 28தான் திறந்தாங்க. ஆனா நாள்காட்டியில ஒரு முடிவுத் தேதி இருக்கிறதால, கடைமடை விவசாயி அதுலேர்ந்து பின்னோக்கி எண்ணி எந்த ரகம் போடலாம், நாத்து எப்ப விடலாம்னு முடிவு பண்றார். தண்ணி நிக்கப் போற சேதி அவருக்குத் தனியா வர வேண்டியதில்லை.

கணினிக்காரங்க இதைப் படிப்படியாத்தான் பிடிச்சாங்க. 2002ல போஸ்ட்கிரெஸ் 7.3ல ஒரு க்வெரிக்கு இவ்வளவு நேரம்தான்னு வரம்பு வைக்கிற வசதி வந்தது. மைஎஸ்க்யூஎல்ல 2015ல, அதுவும் படிக்கிற க்வெரிக்கு மட்டும். ஆனா இதெல்லாம் ஒரு சர்வருக்குள்ள. பல சர்வர் சேர்ந்த வேலையில வரம்பும் வேலையோட கூடவே பயணம் பண்ணணும். கூகிள் 2015ல வெளியில விட்ட ஜிஆர்பிசி அதைச் செய்யுது. முதல் சர்வர் அஞ்சு நொடின்னு சொல்லுச்சு, ரெண்டு நொடி செலவாச்சு, அடுத்த சர்வருக்கு "மூணு நொடி பாக்கி"ன்னு சேர்த்து அனுப்பும். "பத்து மணி அஞ்சு நிமிஷம் வரை"ன்னு அனுப்பாம மீதி நேரத்தை அனுப்புறதுல ஒரு காரணம் இருக்கு. ரெண்டு ஊர் கடிகாரமும் ஒண்ணாக் காட்டும்னு நம்ப முடியாதே! நடுவுல லைன் அறுந்து போனாலும் மூணு நொடியில அந்த சர்வர் தானே நின்னுடும்.

தேதி வைக்க முடியாத வேலைக்கு விலாசமாவது வேணும். 2017ல காக்ரோச்டிபி (ஆமா, கரப்பான்பூச்சிதான்) நிறுத்துற கட்டளை கொண்டு வந்தப்ப, க்வெரியோட எண்ணுக்குள்ளயே அது எந்த சர்வர்ல ஓடுதுங்கிறதையும் புதைச்சு வச்சாங்க. எந்த சர்வர்கிட்ட போய் "நிறுத்து"ன்னாலும் அது சரியான இடத்துக்குச் சேதியை அனுப்பும்.

கடைமடை

2013ல கூகிளோட ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் ஒரு கட்டுரை எழுதினாங்க. தலைப்பே வாலைப் பத்தினது, நம்ம பாஷையில கடைமடை. அதுல ஒரு கணக்கு: ஒரு சர்வர் நூத்துல ஒரு தடவைதான் மெதுவாகுது. ஆனா உங்க வேலை நூறு சர்வரைத் தொட்டு, எல்லாரோட பதிலும் வந்தாத்தான் முடியும்னா, 63 சதவீத வேலைகள் மெதுவாத்தான் முடியும். மொத்தப் பேரோட வேகத்தையும் கடைசி ஆள்தான் முடிவு பண்றார். அவங்க சொன்ன மருந்துகள்ல ஒண்ணு, ஒரே வேலையை ரெண்டு சர்வருக்கு அனுப்பி, ஒருத்தர் பேரை இன்னொருத்தருக்குச் சொல்லி வைக்கிறது. யார் முதல்ல ஆரம்பிக்கிறாங்களோ அவங்களே மத்தவருக்கு "நீ விட்டுடு"ன்னு சேதி அனுப்பணும். நிறுத்துறதுங்கிறது தப்பு நடந்தா மட்டும் செய்யிற வைத்தியமா இல்லாம, அன்றாட வேலையாவே ஆயிடுச்சு.

இதெல்லாம் நமக்கெதுக்குன்னு கேக்கலாம். ஒரு சான்றிதழுக்காக ஒரு இணையதளத்துல உக்காந்திருக்கோம் (எந்தத் தளம்னு வேணாம், எல்லாருக்கும் ஒண்ணு இருக்கும்). சக்கரம் சுத்துது. ஒரு நிமிஷத்துல "நேரம் கடந்தது, மீண்டும் முயலவும்"னு வருது. மறுபடி அமுக்குறோம், மறுபடியும். முகப்புல இருக்கிற சர்வர் நம்மைக் கைவிட்டுருச்சு, ஆனா அது உள்ள அனுப்பின க்வெரியைக் கைவிடச் சொல்லவே இல்லேன்னா? மூணு தடவை அமுக்கினதுக்கு மூணு க்வெரி, யாருக்காகன்னே தெரியாம உள்ள ஓடிக்கிட்டிருக்கும். வரிசையில அடுத்து நிக்கிறவருக்கு இன்னும் மெதுவாகும், அவரும் மூணு தடவை அமுக்குவார். பரீட்சை ரிசல்ட் நாள்ல தளங்கள் திணறுறதுக்கு இந்த மாதிரி அனாதை க்வெரிகளும் ஒரு காரணமாகலாம். கூட்டம் அதிகம்னு ஒரு வார்த்தையில சொல்லி முடிச்சுடுவாங்க. கூட்டத்துல பாதி, எழுந்து போயிட்டவங்களோட நிழல்.

ஆத்துக்கும் டேட்டாபேஸுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஆத்துல கடைமடைக்காரருக்குத் தண்ணி கடைசியா வருது, பத்தாக்குறைன்னா முதல்ல அவருக்குத்தான் நிக்குது. டேட்டாபேஸ்ல கடைமடை சர்வருக்கு நிறுத்துற சேதி கடைசியா வருது, அது பாட்டுக்கு வீணா உழைச்சுக்கிட்டிருக்கு. ஒண்ணுல பட்டினி, இன்னொண்ணுல வீண். காரணம் என்னவோ ஒண்ணுதான்: தலைப்புல முடிவெடுக்கிறவங்க, தாங்க சொன்ன நிமிஷமே எல்லா இடத்துலயும் நடந்துட்டதா நினைச்சுக்கிறது.

அடுத்த தடவை யாராவது "நிறுத்திட்டோம் சார்"னு சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "கடைமடை வரைக்கும் போய்ப் பார்த்தீங்களா?" பதில் சொல்ல முடியாம முழிச்சாங்கன்னா, திறக்கும்போதே மூடுற தேதியைச் சொல்லி விடுற நம்மூர்ப் பழக்கத்தை அவங்களுக்கும் கத்துக்கொடுங்க.